பதினான்காம் கட்டத்தில் ஒரு கோடு

ஜனவரி 9

சங்குக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முணுமுணுக்கிறது. உன் சளியும் மாப்பிள்ளையின் முதுகும் தேவலையா?

விசா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் காக்க வைத்து ஒரே ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். அதன் சாரம் இதுதான்: 'சொந்த நாட்டில் உமக்குப் போதுமான குடும்பப் பிணைப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வந்தால் திரும்பிப் போவீர் என்று நம்ப முடியவில்லை.'

நான் திரும்ப மாட்டேனாம்! நாற்பத்தோரு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், பட்டறையை அப்படியே போட்டுவிட்டு உன் வீட்டுச் சோபாவில் ஒட்டிக்கொள்வேனாம். யாரிடமும் தொழில் கற்காமல், எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்துத் தானே கற்றவன் நான். என்னைப் பார்க்காமலே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

படிவத்தை நானே நிரப்பினேன், ஏஜென்டிடம் போகவில்லை, அதனால்தான் இப்படி என்று சொல்லாதே. ஒவ்வொரு கட்டத்திலும் உண்மையைத்தான் எழுதினேன்.

இனி விண்ணப்பிப்பதாக இல்லை. அந்த அதிகாரிக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசினால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டாராம். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. இந்தக் காலத்து ஜனங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். எழுதினால் நிற்கும். எழுது.

உன் அண்ணன்

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி போய்விட்டது. இவர் முதுகு இவர் பேச்சைக் கேட்காது, நீங்கள் யார் பேச்சையும் கேட்காத மாதிரி. மற்றபடி சுகம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை அதையும் திட்டுகிறீர்களா?

அந்த நான்கு பக்கத்தை அனுப்பாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு முறை மறுத்தால் கதவை ஆணி அடித்து மூடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, மறுபடியும் விண்ணப்பிக்கலாம். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறாள். மூன்று குடும்பங்களுக்கு இப்படி மறுத்த பிறகு விசா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எல்லாரும் அவளை ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். உங்கள் கதையைச் சொன்னதும் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க அண்ணன் என்ன எழுதிக் கொடுத்தாரு? முதல்ல அதைக் காட்டு. மறுத்த காரணம் எப்பவும் நாம குடுத்த தாள்லயேதான் இருக்கும்."

ஆகவே முதல் படிவத்தின் நகலை அனுப்புங்கள். பட்டறைக்கு வரும் மோட்டாருக்கே சீட்டு எழுதி வைக்கிறவர், இதற்கு நகல் எடுக்காமலா இருந்திருப்பீர்கள்?

ஜூன் மாதக் கடைசிக்குள் நீங்கள் இங்கே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேண்டாம்.

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 6

சங்குக்கு,

அனைவரும் சுகம் என்று நம்புகிறேன். எண்ணெய் தேய்க்கிறேன், திட்டவும் செய்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கவலைப்படாதே, மரியாதையாகத்தான் எழுதினேன். 'ஒரு மோட்டாரைத் திறக்காமல் எரிந்துவிட்டது என்று சொல்லும் மெக்கானிக்கை நான் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை' என்ற ஒரு வரிதான் கொஞ்சம் காரம்.

உனக்காக மட்டும் இன்னொரு தடவை முயற்சி செய்கிறேன். புதிதாகப் போட்டோ எடுக்கப் போனேன். ஸ்டூடியோக்காரன் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"ஐயா, ரெண்டு காதும் தெரியணும். அதான் ரூல்."

"என் காதைப் பார்த்து அவங்களுக்கு என்னய்யா ஆகப்போகுது?"

அவன் என்னவோ சொன்னான். வாய்க்குள்ளேயே பேசுகிற ரகம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

போட்டோ, பட்டறையின் உரிமச் சான்று, வங்கித் தாள், கைவசம் இருக்கும் வேலைகளின் பட்டியல் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. படிவத்தின் நகல் உடனே கைக்குக் கிடைக்கவில்லை.

அது என்ன ஜூன் கணக்கு? ஜூலையில் வந்தால் உன் ஊரில் தரை இருக்காதா?

அண்ணன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். போட்டோவில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள், சண்டைக்குத் தயாரான மாப்பிள்ளை.

ஜூன் எதற்கு என்றால், எனக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும். வேறொன்றுமில்லை.

தாள்களை ஃபாரம் அக்கா பார்த்தாள். எல்லாம் சரி, ஆனால் நகல் இல்லாமல் கையை வைக்க மாட்டேன் என்கிறாள். முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் ஒரு எழுத்து மாறினாலும் சந்தேகப்படுவார்களாம். தயவுசெய்து தேடுங்கள்.

என் மருமகன் எப்படி இருக்கிறான்? உங்கள் கடிதங்களில் முழங்கால் வருகிறது, ஸ்டூடியோக்காரன் வருகிறான், பெற்ற பிள்ளை வருவதில்லை. அண்ணி போன பிறகு உங்களுக்கு அவன்தானே பக்கத்தில் இருக்கிறான். அவனிடம் சொன்னால் நகலைத் தேடிக் கொடுப்பானே.

அண்ணா, என் குரல் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

தங்கை

*

மார்ச் 28

சங்குக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

நீ கேட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

குரலை மறப்பார்களா? நீ வாசலில் நின்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால், மில்லில் சங்கு ஊதிவிட்டது என்று அடுத்த தெரு ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்கள்.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அண்ணா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு ஐந்து வாரம் வாயைத் திறக்காமல் இருந்தவருக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது?

பதினான்காம் கட்டத்தில், 'பிள்ளைகள்' என்று கேட்ட இடத்தில், ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். கோட்டுக்கு மேலே 'இல்லை' என்று அழகான கையெழுத்து வேறு.

நான் கொடுத்த அழைப்புக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? 'என் அண்ணனுக்கு மூன்று தெரு தள்ளி மகன், மருமகள், பேத்தி இருக்கிறார்கள், ஆகவே அவர் கட்டாயம் திரும்புவார்.' அதை உங்கள் கையால்தானே கொடுத்தீர்கள்? ஒருமுறை பிரித்துப் படித்திருக்கக் கூடாதா?

ஃபாரம் அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அண்ணன் இல்லைங்கறாரு, தங்கச்சி இருக்குங்கறா. நான் ஆபீசரா இருந்தா ரெண்டு பேரையும் உள்ளே விட மாட்டேன்" என்றாள். நான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இனிச் செய்ய வேண்டியவை இரண்டு. மருமகனிடமிருந்து 'நான் இவருடைய மகன்' என்று ஒரு கடிதம். நீங்கள் ஏன் கோடு போட்டீர்கள் என்று உங்களிடமிருந்து ஒரு விளக்கம்.

என்னதான் நடந்தது அண்ணா?

தங்கை

*

ஏப்ரல் 21

சங்குக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நீயே எழுதிவிட்டாய், அப்படியே இருக்கட்டும்.

உன் அழைப்புக் கடிதத்தின் உறை ஒட்டியிருந்தது. மேலே அதிகாரியின் பெயர். அடுத்தவர் பெயருக்கு வந்ததைப் பிரிப்பவன் நான் இல்லை.

என்ன நடந்தது என்று கேட்டாய். இரண்டு வருஷம் முன்பு, பட்டறையில் நான்கு வாடிக்கைக்காரர்கள் நிற்கிறார்கள். ஒருவர் தன் பம்பு மோட்டாரைப் பற்றி ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன். உன் மருமகன் உள்ளேயிருந்து வந்து, "அப்பாவுக்குக் காது கேக்காது, சத்தமா சொல்லுங்க" என்றான். என் பட்டறையில், என் வேலைக்காரர்கள் முன்னால்! அதை மட்டும் நன்றாகக் கேட்கும்படி சொன்னான். மறுநாள் ஒரு காது மெஷினை வாங்கிவந்து, டிபன் கொடுப்பது போல மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

காது கேட்காதவன் மோட்டாரின் சத்தத்தை வைத்து எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்ல முடியுமா? திருப்புளியின் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைத் தாடையில் அழுத்தினால் எல்லாம் தெரிகிறது எனக்கு.

மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. பட்டறையில் ஒரு காயில் எரிந்துவிட்டால் அதன் சீட்டில் கோடு போடுவேன். அதைத்தான் படிவத்திலும் செய்தேன். அவனிடம் போய்க் கடிதம் கேட்டு நிற்க மாட்டேன். நான் வரவில்லை. உனக்கு லீவு கிடைக்கிறதல்லவா, நீ வா.

அண்ணன்

*

மே 3

சங்குக்கு அண்ணன் எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

நேற்றுக் காலை ஒரு மோட்டாரின் ஸ்டேட்டருக்குள் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தால் உன் மருமகன் வாசலில் நிற்கிறான், இரண்டு வருஷத்தில் முதல் தடவை. கையில் உன் கடிதம். எனக்குப் பதில் போடாமல் அவனுக்குப் போட்டிருக்கிறாய்.

கத்துவான், வேலைக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவன் கத்தவில்லை. வேலைகளை எழுதிவைக்கும் கரும்பலகையின் ஓரத்தை உள்ளங்கையால் துடைத்து, சாக்பீஸ் எடுத்து எழுதினான்: 'அத்தைக்குக் கழுத்தில் கட்டி. ஜூன் 27 ஆபரேஷன். குரல் நரம்பு பக்கத்தில் இருக்கிறது. குரல் போனாலும் போகலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை அதைக் கேட்க வேண்டுமாம்.'

நான் கம்பியைக் கீழே வைத்தேன். மேசையின் கடைசி இழுப்பறையில் அந்த மெஷின் அட்டைப்பெட்டியோடு கிடந்தது. எடுத்துக் காதில் மாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை, பேட்டரி செத்திருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்டரி அட்டையை எடுத்து நீட்டினான். வரும்போதே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவ்வளவு திமிர்.

மாட்டியதும் முதலில் கேட்டது மின்விசிறி. என் பட்டறை மின்விசிறி இவ்வளவு கேவலமாகக் கத்தும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது அவன்.

"அன்னைக்கு நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதுப்பா."

"சொல்லிட்ட. இப்ப என்ன?"

"கடிதம் எழுதிட்டேன். படிச்சுப் பாருங்க."

'நான் இவருடைய ஒரே மகன்' என்று ஆரம்பித்திருந்தான். நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் ஒரு தாளில் ஒரு கோடு போட்டேன் என்று அந்தக் குதி குதித்தாய். நீ மூன்று கடிதம் எழுதினாய். சளி இருந்தது, மாப்பிள்ளை முதுகு இருந்தது, லீவு இருந்தது. கழுத்து எங்கே? நீ போட்ட கோடு என் கோட்டைவிட நீளம்.

வருகிறேன். எப்பாடு பட்டாவது வருகிறேன்.

அண்ணன்

*

மே 13

அன்புள்ள அண்ணனுக்கு,

உண்மையாகவே சொல்கிறேன்: வலி இல்லை, சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். கட்டி ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது. எடுத்துச் சோதித்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று சொல்வார்களாம். தூங்கும்போது மட்டும் பயம் வருகிறது.

உங்களிடம் சொல்லியிருந்தால் அந்த அதிகாரிக்கு எட்டுப் பக்கம் எழுதியிருப்பீர்கள். அதனால் சொல்லவில்லை. அது பாதிக் காரணம். மீதி, எழுதிவிட்டால் நிஜமாகிவிடும் என்ற பயம். குதித்தது என் தப்புதான்.

இந்த மாதத்துக்குள் புது விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆபரேஷன் தேதி குறித்த மருத்துவரின் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புது அழைப்புக் கடிதமும் இருக்கிறது. இந்தத் தடவை உறையை ஒட்டவில்லை. படியுங்கள்.

விளக்கத்துக்கு ஃபாரம் அக்கா வாசகம் தயார் செய்திருக்கிறாள்: 'முதல் படிவத்தில் மகனின் பெயர் கவனக்குறைவால் விடுபட்டது, வருந்துகிறேன்.' ஒரே வரி. இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் சொந்தச் சரக்கு எதுவும் வேண்டாம்.

மருமகனுக்கு என் முத்தங்கள். அவன் கன்னத்தில் கொடுக்க உங்களுக்கு மனசு வராது, வாயால் சொன்னால் போதும்.

தங்கை

*

ஜூன் 14

சங்குக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். நீ நலமாக இருந்தே ஆக வேண்டும்.

முதலில் சேதி: விசா கிடைத்துவிட்டது. 23ஆம் தேதி கிளம்புகிறேன். மாப்பிள்ளைக்கு உன் மருமகன் போனில் சொல்லியிருப்பான். ஆனாலும் என் கையால் எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

ஃபாரம் அக்காவின் ஒரு வரியில் நான் கையெழுத்துப் போடவில்லை. அவளிடம் என் வணக்கத்தையும் சொல், இதையும் சொல். கவனக்குறைவாம்! ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவனுக்கா கவனக்குறைவு? நான் எழுதிக் கொடுத்தது இது:

'பதினான்காம் கட்டத்தில் கோடு போட்டவன் நானே. மறதியால் அல்ல, மகன்மேல் இருந்த கோபத்தால். கோபம் எங்கள் வீட்டு விஷயம், அதைப் படிவத்தில் ஏற்றியது தவறு. எனக்கு ஒரு மகன் இருக்கிறான். கோபம் இன்னும் முழுவதும் தீரவில்லை. அதைத் தீர்ப்பதற்காகவும் நான் திரும்பி வர வேண்டியிருக்கிறது.'

பதினோராம் தேதி நேரில் வரச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள், பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண். எனக்கு மெஷின் வழியாக அவர்கள் பேனா மூடியைக் கழற்றும் சத்தம்கூடக் கேட்டது. அந்த அம்மாள் என் கோப்பிலிருந்து நான்கு பக்கக் கடிதத்தை வெளியே எடுத்தாள்.

"இதை எழுதினது நீங்கதானான்னு கேக்கிறாங்க."

"நான்தான்."

"மோட்டாரைத் திறக்காம சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்களாம். இப்பத் திறந்து பாக்கறாங்களாம். முதல் படிவத்துல பிள்ளை இல்லை, இதுல இருக்கு. எது சரி?"

"பிள்ளை எப்பவும் இருந்தான். நான்தான் இல்லைன்னேன்."

அந்தப் பெண் இதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் மகன் எங்கே என்று கேட்டாள். வெளியே, வண்டிக்குக் காவலாக வெயிலில் நிற்கிறான் என்றேன். எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். இரண்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமா தெரியவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, வந்ததும் நானே படித்துக் காட்டுகிறேன். போன் செய்யாதே. உன் குரலை வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்

*

ஜூலை 9

மகனுக்கு அப்பா எழுதுவது.

நான் இங்கே நலம். நீயும் மருமகளும் குட்டியும் சுகம்தானே? இது உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் என்று உன் அத்தை சொல்கிறாள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதுங்கள், அவனைத் திட்டாமல் எழுதுங்கள் என்றும் சொல்கிறாள். முயற்சி செய்கிறேன்.

கட்டி கெட்டது இல்லை. நேற்று டாக்டர் தாளைக் காட்டினார், அகராதி இல்லாமலே புரிந்தது. மாமா ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார், நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று நாள் அவள் நிறுத்தாமல் பேசினாள். நான் நிறுத்தாமல் கேட்டேன். அதற்குப் பிறகு பத்து நாள் பேசக் கூடாது என்று உத்தரவு. ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நாள் இந்த வீடு எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது. குரல் திரும்புமா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

இன்று காலை மாடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன், குழாயும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே சமையலறையிலிருந்து, கொஞ்சம் கரகரப்பாக, "அண்ணா, சாப்பிட வாங்க!"

மெஷின் இல்லாமல் கேட்டது எனக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் சோப்பு முகத்தோடு படியில் இறங்கினேன். முழங்கால் முணுமுணுக்கவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

வரும் ஞாயிறு ஃபாரம் அக்கா வீட்டுக்கு வருகிறாளாம், என் விளக்கத்தின் நகலைக் கேட்டிருக்கிறாள். இனி வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டப்போகிறாளாம். கொடுப்பதா என்று யோசிக்கிறேன்.

30ஆம் தேதி மதியம் வந்து இறங்குகிறேன். பட்டறை மின்விசிறிக்குப் பேரிங் மாற்றி வை, அந்தச் சத்தத்தை இனிப் பொறுக்க முடியாது. மெஷினுக்குப் பேட்டரி வாங்கிக்கொண்டு நீயே நேரில் வா, யாரையும் அனுப்பாதே. நீ இருக்கிறாய் என்று எழுதிக் கொடுத்துத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அப்பா